டவுன்ரிகரில் தூண்டில் கட்டுவது எப்படி? ஒன்ராறியோ ஏரியில் சால்மன் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை விடியலில் ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க், பிக்கரிங் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பே, மிசிசாகா போர்ட் கிரெடிட் என்று படகு இறக்கும் துறைகளில் இப்போதெல்லாம் தமிழ்க் குரலும் காதில் விழுகிறது. படகு இருக்கிறது, கம்பு இருக்கிறது, இரையை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகரும் வாங்கியாயிற்று. ஆனால் எதை எதோடு எப்படிக் கட்டுவது என்று தமிழில் விளக்கமாகப் படிக்கக் கிடைப்பது அரிது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகளை அடியிலும் பவுண்டிலும் கொடுத்திருக்கிறேன். நீளம் காட்டும் கவுண்டரும் நூல் பெட்டியும் இங்கே அப்படித்தான் வருகின்றன.

டவுன்ரிகர் எதற்கு? நூலிலேயே ஈயத்தைக் கட்டி இறக்கினால் ஆகாதா?

கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும். சினூக் சால்மன் குளிர்ச்சியைத் தேடி 60 அடி, 80 அடி, சில நாள் 120 அடிக்கும் கீழே போய்விடும். படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க, இரை அந்த ஆழத்தை விட்டு விலகாமல் பின்னால் வர வேண்டும். நூலில் பெரிய ஈயத்தைக் கட்டினால் இரை இறங்கும், சரி. ஆனால் மீன் மாட்டிய பிறகு நீங்கள் ஈயத்தையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். மீன் தலையை உதறும் ஒவ்வொரு தடவையும் அந்த எடையே முள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிடும்.

டவுன்ரிகர் இந்த இரண்டு வேலையையும் பிரிக்கிறது. படகின் ஓரத்தில் கேபிள் சுற்றிய ஒரு சுருளி, அதிலிருந்து வெளியே நீளும் ஒரு கை, கையின் நுனியில் கப்பி. கேபிளின் முனையில் ஈயக் குண்டு. குண்டுக்கு மேலே ஒரு ரிலீஸ் கிளிப். தூண்டில் நூலை அந்தக் கிளிப்பில் செருகி, குண்டோடு சேர்த்துக் கீழே அனுப்புகிறீர்கள். மீன் அடித்ததும் நூல் கிளிப்பை விட்டு வெளியே வரும். அப்புறம் உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் வெறும் நூல்தான்.

மிச்சிகன் மாநிலம் 1966-ல் கோஹோ சால்மன் குஞ்சுகளையும் 1967-ல் சினூக் குஞ்சுகளையும் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குக் கொண்டுவந்தது. ஏல்வைஃப் என்ற சிறுமீன் அளவுமீறிப் பெருகியிருந்த காலம் அது. சால்மன் அதைத் தின்றே வளர்ந்தது. ஆழத்தில் திரியும் அந்தப் பெரிய மீனைத் தேடிப் போனவர்களின் கையில்தான் டவுன்ரிகர் இந்த ஏரிகளின் அன்றாடக் கருவியாயிற்று.

இத்தனை பாகங்கள் இருக்கின்றன. எதை மனதில் வைத்துக் கட்ட வேண்டும்?

எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வரிசையை. கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

மீன் பக்கத்தில் முதலில் விட வேண்டியது கிளிப். அடுத்தது ரீலின் டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடி. அதற்கும் அடங்காமல் போனால் இரைக்கு முன்னால் இருக்கும் லீடர் அறட்டும், முழு நூலும் போகக் கூடாது. படகுப் பக்கத்தில் முதலில் வழுக்க வேண்டியது டவுன்ரிகரின் கிளட்ச். அதன் பிறகுதான் கேபிள். டவுன்ரிகரைப் படகோடு பிணைத்திருக்கும் போல்ட் ஒருநாளும் விடக் கூடாது. அதனால்தான் மரத்திருகாணி போட்டு நிறுத்தாதீர்கள் என்கிறேன். விளிம்பின் அடிப்பக்கத்தில் ஓர் அலுமினியத் தகடு வைத்து, ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள்.

கேபிள் ஸ்டீலா, பிரெய்டா (பின்னல் நூல்)?

இரண்டும் மீன் பிடிக்கும். வழக்கமான ஸ்டீல் கேபிள் 150 பவுண்டு தாங்கும். பாறையில் உரசினாலும் பொறுக்கும். ஏரியின் அடியை ஒட்டி லேக் ட்ரவுட் தேடுபவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் ஒருமுறை மடிந்துவிட்டால் அந்த இடம் பலவீனப்பட்டுவிடும். ஓர் இழை அறுந்து வெளியே நீட்டினால் விரலைக் கிழிக்கும். வேகம் கூடும்போது ரீங்காரமிடும்.

பிரெய்டு 200 பவுண்டு அளவில் வாங்குங்கள். மடியாது, ரீங்காரம் இல்லை, முனையை மறுபடி கட்டக் கருவி எதுவும் வேண்டாம். சினூக் பிடிக்க நான் பிரெய்டு பக்கம்தான். ஸ்டீலிலிருந்து மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வருடம் ஸ்டீல் ஓடிய கப்பியின் பள்ளத்தில் கீறல் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பிரெய்டும் அங்கேதான் அறும், குண்டு ஏரிக்குப் போகும். கப்பியை மாற்றிவிட்டுப் புது நூலைச் சுற்றுங்கள். சுற்றும்போது இழுவை கொடுத்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, அவசரத்தில் இறங்காமல் நிற்கும்.

கேபிளின் முனையை எப்படி முடிப்பது?

ஸ்டீல் என்றால் வரிசை இது: முதலில் மணி அல்லது ரப்பர் தடுப்பைக் கேபிளில் கோத்துவிடுங்கள். அடுத்தது கிரிம்ப் குழல். அப்புறம் கேபிளை வளையத்துக்குள் விட்டு, திரும்பவும் அதே குழலுக்குள் செருகி, அதற்கென்று உள்ள குறடால் இரண்டு மூன்று இடத்தில் நசுக்குங்கள். சாதாரணக் குறடு குழலைத் தட்டையாக்கும், பிடிக்காது. பலர் கிரிம்ப் அடித்து முடித்த பிறகுதான் மணியைக் கோக்கவில்லை என்று பார்ப்பார்கள். அதனால்தான் வரிசையை முதலில் சொன்னேன்.

பிரெய்டு என்றால் நூலை இரட்டையாக மடித்துப் பலோமார் முடிச்சு. இறுக்கும் முன் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். முனையில் உருண்டு சுழலும் பெரிய சுவிவலும் கொளுக்கியும் இருக்கட்டும். குண்டு சுழன்றால் அந்த முறுக்கு கேபிளுக்கு ஏறக் கூடாது.

தானாக நிற்கும் வசதியுள்ள மின் டவுன்ரிகரில் மணியின் இடத்தைச் சரிபாருங்கள். குண்டு நீர்மட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறி நின்றால் அலையில் ஊசலாடிப் படகின் பக்கத்தை இடிக்கும்.

குண்டு எத்தனை பவுண்டு?

சிறுபடகில் 60 அடி வரை 10 பவுண்டு போதும். 100 அடியை நெருங்கினால் 12, அதற்கும் கீழே 15. டவுன்ரிகர் எவ்வளவு தாங்கும் என்று செய்தவர் எழுதியிருப்பார்; அதை மீறாதீர்கள். உருண்டைக் குண்டாக இருந்தால் பின்னால் வால் உள்ளதை வாங்குங்கள். வால் இருந்தால்தான் நேராக ஓடும். ரப்பர் பூச்சு உள்ளது நல்லது, ஈயம் கையில் ஒட்டாது.

கிளிப்பை எவ்வளவு இறுக்குவது? மீன் அடித்தும் விடுபடவில்லை, அல்லது சும்மாவே விடுபடுகிறது.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். டவுன்ரிகரில் மீன் கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்தச் சின்ன இடத்தில்தான்.

பரவலாக இருப்பது இரண்டு ரப்பர் பட்டைகளுக்கு நடுவே நூலைக் கவ்வும் கிளிப். அதில் திருகு எதுவும் இருக்காது. நூலை எவ்வளவு உள்ளே தள்ளுகிறீர்கள் என்பதுதான் இறுக்கம். பட்டையின் வெளி விளிம்பில் வைத்தால் எளிதில் விடும். ஸ்பிரிங் பக்கம் ஆழமாக வைத்தால் முரண்டு பிடிக்கும். பட்டையின் நடுவிலிருந்து தொடங்குங்கள். பிறகு நூலை மீன் இழுக்கும் திசையில், அதாவது பின்னோக்கி, கையால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். விரலால் மெதுவாக இழுத்தால் நிற்க வேண்டும். சுண்டினால் டப்பென்று விட வேண்டும்.

இந்த இறுக்கத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. முள்ளை மீனின் வாயில் குத்துவதே கிளிப்தான். மீன் அடிக்கும் கணத்தில் நீங்கள் கம்பைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். கிளிப் ஒரு நொடி எதிர்த்து நின்றால்தான் முள் ஏறும். சினூக்கின் வாய் கடினமானது, எனவே கொஞ்சம் கூடுதல் இறுக்கம் வேண்டும். கரையோரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பிரவுன் ட்ரவுட் தேடும்போது தளர்வாக வையுங்கள். ஆழம் கூடக் கூட நீரில் கிடக்கும் நூலின் இழுவையும் கூடும். 30 அடியில் சரியாக நின்ற கிளிப் 110 அடியில் தானாக விடும். அங்கே நூலை ஓர் இழை உள்ளே தள்ளுங்கள்.

பிரெய்டு நூலையே ரீலில் வைத்திருப்பவர்களுக்குக் கிளிப் வழுக்கும். நூலில் ஒரு சிறு வளையம் எடுத்து, ஏழெட்டு முறை முறுக்கி, அந்த முறுக்கைக் கிளிப்பில் வையுங்கள்.

கிளிப் இல்லாமலும் பிடிக்கலாம். எண் 16 ரப்பர் வளையம் ஒன்றை எடுங்கள். அதை நூலின் மேல் குறுக்கே வைத்து, ஒரு முனையை மறுமுனைக்குள் நுழைத்து, அதையே இன்னொரு சுற்றும் சுற்றி இழுங்கள். நூல் இலேசாகக் கவ்வப்பட்டு நிற்கும். மிஞ்சிய காதைக் குண்டின் மேலுள்ள கொளுக்கியில் மாட்டினால் ஆயிற்று. மீன் அடித்தால் ரப்பர் அறும். நூலில் ஒட்டிய துணுக்கு கம்பின் நுனி வளையத்துக்கு வருமுன் விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். பழைய, வெயிலில் காய்ந்த ரப்பர் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இழுவையில் அறும். எதை நம்பி எதைச் சரிசெய்வது என்றே தெரியாமல் போகும்.

கம்பும் ரீலும் நூலும் எப்படி இருக்க வேண்டும்?

எட்டரை முதல் ஒன்பது அடி நீளம், நுனி முதல் நடு வரை நன்றாக வளையும் கம்பு. விறைப்பான கம்பு டவுன்ரிகருக்கு ஆகாது. ரீலில் வெளியே போன நூலை அடிக்கணக்கில் காட்டும் கவுண்டர் இருக்கட்டும். நூல் 25 முதல் 30 பவுண்டு தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்). அதன் இழுபடும் தன்மை இங்கே நன்மைதான்; பெரிய மீன் படகருகில் திடீரெனத் திரும்பி ஓடும்போது அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். லீடர் 20 அல்லது 25 பவுண்டு ஃபுளோரோகார்பன், ஆறடி அளவு. லீடரை நூலைவிட ஒருபடி குறைத்தே வையுங்கள், முன்னே சொன்ன வரிசை அதற்குத்தான். நூலும் லீடரும் சேரும் இடத்தில் உள்ளே பேரிங் வைத்த நல்ல சுவிவல் போடுங்கள். ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) சுழன்றால் மலிவான சுவிவல் திரும்பாது. ஒரு காலைக்குள் நூறு அடி நூல் முறுக்கேறிவிடும்.

குண்டுக்கும் இரைக்கும் எவ்வளவு இடைவெளி?

இரையையும் ஆழத்தையும் பொறுத்தது. சுழலும் ஃபிளாஷர் தகடும் அதன் பின்னால் ஈயும் (இழைகளால் செய்த செயற்கை இரை) கட்டினால் 10 முதல் 20 அடி போதும். ஃபிளாஷருக்கும் ஈக்கும் நடுவில் 20 அங்குலம் அளவில் தொடங்கலாம். ஸ்பூன் என்றால் 15 முதல் 40 அடி. கரையோரம் தெளிந்த நீரில், 20 அடிக்கும் குறைந்த ஆழத்தில், 60 முதல் 100 அடி கூட விட வேண்டிவரும். அங்கே படகின் நிழலும் எஞ்சின் சத்தமும் மீனை விலக்கும். ஆழத்தில் அந்தப் பயம் இல்லை. 90 அடியில் குண்டின் பக்கத்திலேயே அடிக்கும் சினூக்கும் உண்டு.

இறக்கும் வரிசையைச் சொல்லுங்கள்.

படகை நேராக ஓட்டுங்கள், மணிக்கு 2 முதல் இரண்டரை மைல். இரையைப் படகின் பக்கத்திலேயே நீரில் போட்டு அது ஆடும் விதத்தைக் கண்ணால் பாருங்கள். இங்கே சரியாக ஆடாதது கீழே போயும் ஆடாது. பிறகு ரீலின் கவுண்டரைப் பார்த்து 20 அடி விடுங்கள். குண்டு நீர்மட்டத்தில் இருக்கும்போது நூலைக் கிளிப்பில் வையுங்கள். கம்பைத் தாங்கியில் செருகி, ரீலைத் திறந்து, நூல் ஓடினால் ஒலிக்கும் கிளிக்கரைப் போட்டுவிட்டு, குண்டைச் சீராக இறக்குங்கள்.

சீராக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவசரப்பட்டுக் குண்டைத் தடாலென்று விட்டால் இரை குண்டை முந்திக்கொண்டு கேபிளைச் சுற்றிவிடும். மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கீழே முள் கேபிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் சும்மா போய்க்கொண்டிருக்கும்.

ஆழம் வந்ததும் ரீலைப் பூட்டி, நூலைச் சுற்றுங்கள். கம்பு வில்லாக வளைந்து நுனி நீரைப் பார்க்கும் வரை சுற்ற வேண்டும். மீன் அடித்தால் நுனி ஒரு கணம் மேலே நிமிரும், உடனே கீழே இழுக்கப்படும். வளைவு இல்லாமல் நூல் தொங்கினால் கிளிப் விட்டதுகூடத் தெரியாது. நுனி சின்னச் சின்னதாகத் தலையாட்டினால் குட்டிமீன் மாட்டிக் கிளிப்பை விடுவிக்க வலுவில்லாமல் கூடவே வருகிறது என்று பொருள். கம்பை எடுத்து, நூலை இறுக்கி, மேல்நோக்கி ஒரு சுண்டு. விடவில்லையென்றால் குண்டை ஏற்றுங்கள்.

டவுன்ரிகரின் கவுண்டர் 100 காட்டினால் குண்டு 100 அடியில்தான் இருக்கிறதா?

இல்லை. அது வெளியே போன கேபிளின் நீளம். படகு ஓடும்போது கேபிள் பின்னால் சாயும். நேர்க்கோட்டுக் கணக்கில் 20 பாகை சாய்ந்தால் 100 அடி கேபிளுக்கு 94 அடி ஆழம், 30 பாகைக்கு 87, 45 பாகைக்கு 71. உண்மையில் கேபிள் வளைந்துதான் ஓடும். நீர்மட்டத்தில் தெரியும் சாய்வே அதிகம், கீழே போகப் போக நிமிரும். அதனால் குண்டு இந்தக் கணக்கைவிடச் சற்று ஆழத்தில்தான் இருக்கும். என்றாலும் ஒரு முப்பது பாகைச் சாய்வைக் கவனிக்காமல் விட்டால் மீனுக்குப் பத்தடி மேலே இரையை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேகம் இதில் நினைப்பதைவிடப் பெரிய பங்கு வகிக்கிறது. நீரின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 2 மைலிலிருந்து இரண்டரைக்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, இழுவை பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. மேலும், ஜிபிஎஸ் காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம். 80 அடியில் நீரோட்டம் எதிராக ஓடினால் அங்கே இரை உணரும் வேகம் வேறு. கிழக்கே போகும்போது மீன் கிடைத்து, அதே வழியாக மேற்கே திரும்பும்போது ஒன்றும் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். கேபிளின் சாய்வைப் பாருங்கள். கிழக்கே போனபோது இருந்த அதே சாய்வு வரும் வரை வேகத்தை மாற்றுங்கள். குண்டின் அருகே வேகமும் வெப்பமும் அளந்து மேலே காட்டும் கருவிகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் படகில் இன்னொரு கம்பு வாங்கும் முன் அதை வாங்கச் சொல்வேன்.

கவுண்டரே தவறாக இருக்கவும் கூடும். தடிமன் வேறான நூலைச் சுற்றினால் சுருளியின் ஒரு சுற்றுக்குப் போகும் நீளம் மாறும். காற்றில்லாத நாளில் படகை நிறுத்தி, மீன் தேடும் கருவி 60 அடி காட்டும் இடத்தில் குண்டைத் தரை தொட விட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை ஒரு ஒட்டுத்தாளில் எழுதிச் சுருளியின் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

எந்த ஆழத்தில் ஓட்டுவது?

வெப்பம்தான் வழிகாட்டி. மேல் சூட்டுநீருக்கும் கீழ்க் குளிர்நீருக்கும் நடுவில் வெப்பம் சட்டென்று விழும் ஓர் அடுக்கு கோடையில் உருவாகும். சினூக் ஏறக்குறைய 7 முதல் 13 பாகை செல்சியஸ் நீரை விரும்பும், அது அந்த அடுக்கிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கும்.

அந்த அடுக்கு ஓரிடத்தில் நிற்காது. ரொறன்ரோ, பிக்கரிங், விட்பி எல்லாம் ஏரியின் வடகரை. கச்சான் என்ற மேற்குக் காற்று நாலைந்து நாள் விடாமல் அடித்தால் மேலே உள்ள சூட்டுநீர் ஏரியின் நடுப்பக்கம் தள்ளப்பட்டு, கரையோரம் குளிர்நீர் மேலே வந்துவிடும். முந்திய வாரம் 90 அடியில் இருந்த மீன் அப்போது 30 அடியில் கிடைக்கும். கொண்டல் என்ற கிழக்குக் காற்று அடித்தால் இதற்கு நேர்மாறு: சூட்டுநீர் கரையில் குவிந்து குளிர் ஆழத்துக்குப் போகும். ஆகவே நேற்று இன்னாருக்கு இன்ன அடியில் கிடைத்தது என்ற செய்தியோடு இரவு அடித்த காற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கிரெடிட், கனராஸ்கா போன்ற ஆறுகளில் முட்டையிட ஏறும் மீன் முகத்துவாரத்தில் கூடும். அப்போது இந்த வெப்பக் கணக்கு தளர்ந்துவிடும்; விடியலில் 40 அடித் தண்ணீரிலேயே பெரிய மீன் அடிக்கும்.

ஒரே கேபிளில் இரண்டு இரை போடலாமா?

போடலாம். எளிய வழி வழுக்கு இரை. ஆறடி லீடரின் ஒரு முனையில் ஸ்பூன், மறுமுனையில் கொளுக்கியுள்ள சுவிவல். குண்டு பத்தடி இறங்கியதும் அந்தக் கொளுக்கியை உங்கள் நூலின் மேல் மாட்டி, ஸ்பூனைப் பின்னால் எறிந்துவிட்டு இறக்குங்கள். அது வழுக்கிப் போய் நூல் வளைந்து கிடக்கும் இடத்தில், ஏறக்குறைய பாதி ஆழத்தில், நிற்கும். மேலே திரியும் கோஹோவும் ஸ்டீல்ஹெட்டும் இதில் அடிக்கும். அடித்ததும் அது முதல் இரையின் சுவிவல் வரை வழுக்கிக்கொண்டு போகும், அந்தத் தளர்ச்சியில் சில மீன் போய்விடும். வேகமாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

இன்னொரு வழி, முதல் கிளிப்புக்கு 15, 20 அடி மேலே கேபிளில் இரண்டாவது கிளிப் மாட்டி வேறொரு கம்பைச் சேர்ப்பது. டவுன்ரிகரில் கை பழகும் வரை இது வேண்டாம்.

இரண்டு டவுன்ரிகர் போட்டால் நூல்கள் சிக்குகின்றனவே?

இரண்டுக்கும் ஆழத்தில் 10, 15 அடி வித்தியாசம் வையுங்கள். ஆழமானதற்கு இடைவெளி குறைவு, மேலே ஓடுவதற்கு அதிகம். திரும்பும்போது அகலமாக, பொறுமையாகத் திரும்புங்கள். திருப்பத்தின் உட்பக்க இரை மெதுவாகித் தாழும், வெளிப்பக்க இரை வேகம் பிடித்து உயரும். சிறிய வட்டத்தில் திரும்பினால் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போகும். திருப்பத்தில் உட்பக்கக் கம்பு அடித்தால் நேரோட்டத்தின் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள், வெளிப்பக்கம் அடித்தால் கூட்டுங்கள். மீன் தானாகவே சொல்லும் செய்தி அது.

நூலில் ஈரப் பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டு கம்பின் நுனியில் அடைக்கிறது. என்ன அது?

நீர்த்தெள்ளு. நீண்ட முள்வால் உள்ள சின்ன உயிரி. இதில் ஒருவகை 1998-ல் ஒன்ராறியோ ஏரிக்குள் வந்தது கண்டறியப்பட்டது, இந்த ஏரிக்கு உரியதல்ல. வால்கள் நூலில் கொத்துக் கொத்தாகச் சிக்கும். மெல்லிய நூலில் அதிகம் சிக்கும், எனவே ஜூலையில் 30 பவுண்டு தடித்த தங்கூசிக்கு மாறுங்கள். சுற்றும்போது நுனி வளையத்தில் கட்டி சேர்ந்தால் பலவந்தமாக இழுக்காதீர்கள். கூட இருப்பவர் கையை நனைத்து நூலை வழித்துவிட வேண்டும். வேறு ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும் முன் நூல், கேபிள், படகு எல்லாவற்றையும் கழுவிக் காயவிடுங்கள்.

குண்டு அடியில் மாட்டிக்கொண்டால்?

முதலில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். வேறெதையும் அதற்கு முன் செய்யாதீர்கள். கிளட்சைத் தளர்த்திக் கேபிள் போகட்டும் என்று விடுங்கள். மற்றக் கம்புகளை எடுத்துவிட்டு, படகை மெதுவாகத் திருப்பி, மாட்டிய இடத்துக்கு மேலே வந்து, எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். கேபிளைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, கையுறை இருந்தாலும்.

அலை இருந்தால் குண்டை மறந்துவிடுங்கள். 150 பவுண்டு தாங்கும் கேபிள் ஒரு சிறுபடகின் பின்பக்கத்தை அலைக்குள் அமுக்கிப் பிடிக்கப் போதுமானது. அடுத்த அலை உள்ளே வந்துவிடும். கேபிளை வெட்டும் குறடு ஒவ்வொரு டவுன்ரிகர் பக்கத்திலும், எட்டும் தூரத்தில், கட்டிவைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் குறடு உதவாது.

இந்த ஏரிகள் கடலைப் போலவே நடந்துகொள்ளும். சால்மன் வந்த புதிதில், 1967 செப்டம்பர் 23 அன்று, மிச்சிகன் ஏரியின் பிளாட் விரிகுடாப் பக்கம் திடீரென எழுந்த புயலில் மீன்பிடிக்கப் போன ஏழு பேர் இறந்தார்கள். மீன் நிறைய என்ற செய்தி கேட்டுச் சின்னப் படகுகளில் கூட்டமாகப் போயிருந்தார்கள். காற்று முன்னறிவிப்பைப் பார்க்காமல் இறங்காதீர்கள். உயிர்காப்பு அங்கியை உடுத்தியே இருங்கள். மே மாதத்து நீரில் விழுந்தவருக்குக் கை வேலைசெய்யும் நிமிடங்கள் மிகச் சில.

ஊரில் கைத்தூண்டில் போட்ட அனுபவம் இங்கே உதவுமா?

நிச்சயம் உதவும். காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கத் தெரிந்தவர் இங்கே பாதி வழி வந்துவிட்டார். ஒன்றை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்: கடி கையில் தெரியாது, கம்பின் நுனியில் கண்ணால்தான் தெரியும்.

கையால் சுற்றும் டவுன்ரிகர் போதுமா, மின்சாரமா?

தொடங்குவதற்குக் கையால் சுற்றுவது தாராளம். தனியாகப் போகிறவர்களுக்கு மின்சாரம் உதவி. மீனோடு போராடும்போதே குண்டு தானாக ஏறிவிடும்.

அனுமதி, சட்டம்?

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதி வேண்டும். எஞ்சின் படகு ஓட்டுபவரிடம் அதற்கான தகுதி அட்டை இருக்க வேண்டும். ஒன்ராறியோ ஏரி 20-ஆம் மீன்பிடி வலயம். இங்கே படகிலிருந்து ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தந்த வருட விதிச் சுருக்கத்தில் பாருங்கள். பெரிய சினூக்கை எவ்வளவு உண்ணலாம் என்று மாகாண அரசு மீன் உணவு வழிகாட்டி வெளியிடுகிறது. வீட்டில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள், அவர்களுக்கான அளவு தனியாக இருக்கும். ஏரியின் தென்பாதி அமெரிக்கா. எல்லையைக் கடந்து பிடிக்க நியூயார்க் மாநில அனுமதி வேண்டும்.

சீசன் முடிந்ததும் என்ன செய்வது?

கேபிளின் கடைசிப் பத்தடியை வெட்டி எறிந்துவிட்டு முனையைப் புதிதாகக் கட்டுங்கள். அதிகம் தேய்வது அந்தப் பத்தடிதான். கிளிப்பின் ரப்பர் பட்டைகளில் நூல் ஓடிய பள்ளம் விழுந்திருந்தால் பட்டையை மாற்றுங்கள். பள்ளம் விழுந்த பட்டையில் எந்த இறுக்கமும் நிற்காது. கிளட்சைத் தளர்த்திவைத்தால் அதன் தட்டுகள் குளிர்காலம் முழுக்க ஒட்டிக்கிடக்காது. வசந்தத்தில் படகை இறக்கும் முன் கிளட்சைத் திரும்பவும் சரிசெய்யுங்கள்: குண்டைத் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், குண்டைக் கையால் பிடித்துக் கீழே பலமாக இழுத்தால் சுருளி வழுக்க வேண்டும்.